வேடிக்கையும் வேவும்



கிரேக்க நாட்டின் தெற்கில் கலமாட்டா என்று ஓர் ஊர். ஆலிவ் காய்க்குப் பேர்போன ஊர். அங்கே விமானப்படையின் பயிற்சித் தளம் ஒன்றும் இருக்கிறது. நவம்பர் 8 அவர்களுக்குத் திருநாள். தலைமை வானதூதர்களான மிக்கேலும் கபிரியேலும்தான் அந்நாட்டு விமானப்படையின் காவல் தெய்வங்கள். அவர்களுடைய திருநாளில் தளத்தின் கதவைத் திறந்து பொதுமக்களை உள்ளே விடுவார்கள். 2001ஆம் ஆண்டு அப்படித் திறந்த நாளில் உள்ளே போனவர்களில் பதினான்கு பேர் வெளியூர்க்காரர்கள். பன்னிரண்டு பேர் பிரிட்டிஷ்காரர்கள், இரண்டு பேர் டச்சுக்காரர்கள். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, சட்டைப் பையில் பேனா. நின்றிருந்த விமானங்களின் எண்களை எழுதிக்கொண்டார்கள். அன்றே அவர்களைப் பிடித்துவிட்டார்கள். என்ன குற்றம் என்றால், உளவு.

ஐந்து வாரம் சிறை. பெருந்தொகை கட்டி ஜாமீனில் வெளியே வந்து ஊருக்குப் போனார்கள். உளவு என்ற பெரிய குற்றச்சாட்டு, ரகசியத் தகவல்களைச் சட்டவிரோதமாகத் திரட்டியது என்று சுருங்கியது. 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. எட்டுப் பேருக்கு மூன்று ஆண்டுச் சிறை. மற்ற ஆறு பேருக்கு, உடந்தையாக இருந்ததற்காக, நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுத் தண்டனை. மேல்முறையீடு செய்தார்கள். அந்த நவம்பரில் தீர்ப்பு கவிழ்ந்தது, விடுதலை.

அந்த வழக்கு முழுக்க ஒரே ஒரு சங்கடம்தான். ஒரு மனிதன் சொந்தக் காசைப் போட்டு விமானம் ஏறி, இன்னொரு நாட்டுக்கு வந்து, வெயிலில் நின்று, ஒரு விமானத்தின் வாலில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்கிறான். அதை யாருக்கும் விற்பதில்லை, யாருக்கும் அனுப்புவதும் இல்லை. வீட்டுக்குப் போய், அச்சிட்ட ஒரு பட்டியலில் அந்த எண்ணின் அடியில் கோடு போடுகிறான். அவ்வளவுதான். இப்படி ஒரு பொழுதுபோக்கு உண்டு என்று கிரேக்க நீதிமன்றத்தை நம்பவைப்பதுதான் வக்கீல்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அந்த நீதிபதிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் மொழியில் மட்டும் இதற்குச் சொல் இருக்கிறதா என்ன? வேடிக்கை பார்ப்பது என்போம். ஆனால் வேடிக்கை பார்க்கிறவன் கையில் நோட்டு இருக்காது. நோட்டும் பேனாவும் வந்துவிட்டால் அதற்கு நம்மிடம் தயாராக இருக்கும் சொல் வேவு பார்ப்பது.

இந்தப் பித்து எப்படிப்பட்டது என்று பார்க்க நான் ஒருமுறை வேல்ஸ் மலைகளுக்குப் போனேன். டோல்கெத்லை, மஹன்லெத் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே சில பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து வளையமாக ஓடுகின்றன. அதற்கு மாக் லூப் என்று பெயர். ஒலியின் வேகத்தைக் குறிக்கும் மாக் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். மஹன்லெத் என்ற ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் நான்கு எழுத்து அப்படி வரும், அதுதான் சங்கதி. போர் விமானிகள் தாழப் பறந்து பழகும் இடம் அது. தரையிலிருந்து 250 அடி வரை இறங்கலாம். மலைச்சரிவில் ஏறி உட்கார்ந்தால் விமானம் நம் காலடிக்குக் கீழே போகும்.

எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. சனி, ஞாயிறு போனால் அநேகமாக ஆடுகளைத்தான் பார்க்கலாம். நான் போனது புதன்கிழமை. மழை. ஏறும்போது இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். மேலே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் பிளாஸ்க்கும் போர்வையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான்கு மணி நேரம் ஒன்றும் இல்லை. நம்மூரில் மீன்பிடிக்க உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அங்கேயும் பேச்சு. நேற்று வந்தது, போன வாரம் வந்தது, இன்றைக்கும் வரலாம்.

வந்தது. முதலில் சத்தமே இல்லை. பள்ளத்தாக்கின் வளைவில் சாம்பல் நிறத்தில் ஏதோ சாய்ந்தது. அடுத்த நொடி அதன் முதுகு எனக்குக் கீழே. விமானத்தின் முதுகை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. நாம் எல்லோரும் ஆயுள் முழுக்க அதன் வயிற்றைத்தான் அண்ணாந்து பார்க்கிறோம். உள்ளே இருந்தவரின் தலைக்கவசம் எங்கள் பக்கம் திரும்பியது. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது, நெஞ்சுக்கூட்டுக்குள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். தபால்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் அவர் எண்ணைப் பிடித்துவிட்டார்!

அவர்தான் எனக்கு வால் எழுத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கப் போர் விமானத்தின் வாலில் இரண்டு பெரிய எழுத்துகள் இருக்கும். எல்.என். என்றால் இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளம். அதன் அருகே சிறிதாக ஆண்டு, பிறகு மூன்று இலக்கம். 91 என்று இருந்தால் 1991ஆம் நிதியாண்டில் வாங்க ஒப்புதல் ஆன விமானம். ஆக, ஒரு வாலைப் படித்தால் அதற்கு எந்த ஊர், என்ன வயது என்று தெரிந்துவிடும். ரேஷன் கார்டு மாதிரி. இவ்வளவு பெரிய எழுத்தில் வெளியே எழுதி வைத்திருப்பது எப்படி ரகசியம் ஆகும் என்று அவர் கேட்டார். அப்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இந்தப் பழக்கம் பிரிட்டனில் இவ்வளவு ஆழமாக ஊறியதற்கு ஒரு காரணம் போர். அங்கே 1925லேயே அப்சர்வர் கோர் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சாதாரண மனிதர்கள், வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. 1940இல் ஜெர்மன் விமானங்கள் வந்தபோது அந்நாட்டு ரேடார்கள் கடலைப் பார்த்துத்தான் நின்றன. கரையைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்ட விமானத்தைத் தொடர வயல்மேட்டில் நின்ற இவர்களின் கண்ணும் காதும்தான் கதி. கறுப்பு நிழலுருவமாக அச்சிட்ட அட்டைகளை வைத்து, இது நம்முடையது, இது அவர்களுடையது என்று பழகினார்கள். 1941இல் மன்னர் அந்த அமைப்புக்கு ராயல் பட்டம் கொடுத்தார். அதே ஆண்டு விமான அடையாளத்துக்கென்றே ஒரு பத்திரிகை வந்தது. பள்ளிப் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். வானத்தைப் பார்த்து எழுதி வைப்பது அந்தத் தலைமுறைக்கு தேசபக்தி. கலமாட்டாவில் சிக்கியவர்கள் அந்தப் பையன்களின் பிள்ளைகள் வயதுக்காரர்கள்.

கிரேக்கத்தின் கதை வேறு. பக்கத்தில் துருக்கி. 1996இல் ஆள் இல்லாத இரண்டு பாறைத் தீவுகளுக்காக இரண்டு நாடுகளும் போரின் விளிம்பு வரை போனவை. விமானத்தளம் என்றால் அங்கே எல்லை மாதிரி. கைது நடந்ததோ நியூயார்க் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதம்கூட முடியாத நேரம். பயந்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு ஜன்னல்களை எண்ணினால் என்ன ஆகும்?

சரி, நோட்டில் இருக்கும் எண்கள் உண்மையிலேயே ஒன்றுக்கும் உதவாதவையா? இங்கேதான் தபால்காரரோடு எனக்குக் கொஞ்சம் முரண்படத் தோன்றுகிறது.

2004 ஜனவரி 23. ஸ்பெயினின் மயோர்க்கா தீவு, பால்மா விமான நிலையம். விமானங்களைப் படம் எடுப்பதில் பித்துக்கொண்ட உள்ளூர்க்காரர் ஒருவர் வெள்ளை போயிங் 737 ஒன்றைப் படம் எடுத்தார். அதன் பதிவெண் என் 313 பி. எந்த நிறுவனத்தின் பெயரும் அதில் இல்லை. அவருக்கு அது வித்தியாசமாகத் தெரிந்தது, எடுத்தார், அவ்வளவே. அந்த விமானம் அன்று இரவு மாசிடோனியாவின் ஸ்கோபியே நகருக்குப் போனது. அங்கிருந்து காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனைக் கண்ணைக் கட்டி ஏற்றிக்கொண்டு காபூலுக்குப் பறந்தது. வேறு ஒருவர் என்று தவறாக நினைத்து அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. கொண்டுபோன மனிதர் அவர். மாதக்கணக்கில் அடைத்துவைத்துவிட்டு, பிறகு அல்பேனியாவில் ஒரு மலைப்பாதையில் இறக்கிவிட்டார்கள். அவர் தன் கதையைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. பத்திரிகையாளர்கள் விமானங்களின் பயணப் பதிவுகளையும், வேலியோரம் நின்றவர்கள் எடுத்து வைத்திருந்த படங்களையும் அடுக்கிப் பார்த்தபோதுதான் ஊரும் தேதியும் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தின. 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

தனித்தனியாக இருக்கும்வரை எண் வெறும் எண். நூறு பேருடைய நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் எது எங்கே போனது, எது திரும்பவில்லை என்று அது பேச ஆரம்பித்துவிடும். நோட்டின் பலத்தைக் கலமாட்டாவில் சரியாகவே எடைபோட்டிருந்தார்கள் என்பேன். ஆட்களைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள்.

ஜப்பானின் ஒக்கினாவா தீவில் வேடிக்கையையும் கண்காணிப்பையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். கடேனா அமெரிக்க விமானத்தளத்தை ஒட்டி, சாலையோர ஓய்விடம் ஒன்றின் மொட்டைமாடியிலிருந்து 3,700 மீட்டர் ஓடுபாதை முழுக்கத் தெரியும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அங்கே நிற்பார்கள். இரைச்சல் தாங்காமல் தளத்தையே எதிர்க்கிற ஊர்க்காரர்களும் அங்கேதான் வந்து பார்ப்பார்கள். எதிரில் உள்ள மேட்டுக்கு, அமெரிக்காவோடு ஜப்பான் செய்த ஒப்பந்தத்தை வைத்து, "பாதுகாப்பு ஒப்பந்தம் தெரியும் குன்று" என்று பெயர். இந்தப் பெயரில் இருக்கும் கிண்டலை நான் ரசிக்கிறேன்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2015 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலையத்தருகே விமான எண்களைக் குறித்துக்கொண்டிருந்த மூன்று பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு மாதம் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே கைப்பேசியைப் பையிலேயே வைத்திருங்கள். நம் நாட்டிலும் நிலைமை அப்படி ஒன்றும் தளர்வு இல்லை. 1923ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடத்தைக் கெட்ட நோக்கத்தோடு நெருங்குவது, வரைவது, குறிப்பெழுதுவது எல்லாம் அதில் குற்றம். பாதுகாப்புத் துறை சம்பந்தப்பட்டதென்றால் 14 ஆண்டு வரை சிறை. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார் தெரியுமா? அதே பிரிட்டிஷ்காரர்கள். தங்கள் ஊரில் நோட்டையும், நம் ஊரில் சட்டத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கிரேக்கத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. 2014 அக்டோபரில் அராக்சோஸ் தளத்தில் அந்நாடு தன் பழைய ஏ-7 கோர்சேர் விமானங்களுக்கு விடைகொடுத்தது. உலகத்தில் அந்த ரகத்தைக் கடைசிவரை பறக்கவிட்டது அவர்கள்தான். அதைப் பார்க்கப் பல நாட்டுக் கேமராக்காரர்கள் வந்து கூடினார்கள். இந்த முறை யாரையும் பிடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலையில் நம் விமானப்படையின் சுகோய்-30 விமானங்கள் கூட்டுப் பயிற்சிக்காக இங்கிலாந்தின் கோனிங்ஸ்பி தளத்துக்குப் போயின. அந்தத் தளத்தின் வேலிக்கு வெளியே ஏணி போட்டு நின்று பார்ப்பது அங்கே சர்வ சாதாரணம். எஸ்.பி. என்று தொடங்கும் நம் சுகோய் எண்கள் இன்று எத்தனை ஆங்கிலேயர் வீட்டு நோட்டுகளில் அடிக்கோடு போடப்பட்டுக் கிடக்கின்றனவோ!

2020 ஜனவரியில் தஞ்சாவூருக்கும் ஒரு சுகோய்ப் படைப்பிரிவு வந்தது. சில மாதங்களுக்கு முன் புதுக்கோட்டைச் சாலையில் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். விமானத்தளத்தின் மதில் ஓரமாக வண்டி போகும்போது தலைக்கு மேல் ஒரு பெருஞ்சத்தம். பேருந்தே ஒருபக்கமாகக் குனிந்து பார்த்தது. முன்னிருக்கையில் ஒருவர் கைப்பேசியைத் தூக்கினார். "தம்பி, அதை உள்ள வைங்க" என்றார் நடத்துனர். அவர் வைத்துவிட்டார். என் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பையன், புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தினமும் அதே பேருந்தில் வருகிறவன் போலிருக்கிறது. வெளியே பார்த்தபடியே என்னிடம் சொன்னான்.

"காலையில நாலு போச்சு சார். இது மூணாவது. இன்னும் ஒண்ணு வரணும்."