வெளியிலிருந்து கேட்கும் காது



இத்தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் வானொலிக்கு எழுதுவோர் கையாள வேண்டிய மொழி பற்றியும் நடை பற்றியும் நிறையவே சொல்லிவிட்டார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு பொத்தான். இலக்கியத்துக்கும் பொத்தானுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

கலையகத்தை அடுத்த கட்டுப்பாட்டறையிலே ஒலிக்கலவை மேசை ஒன்று இருக்கும். அறிவிப்பாளரின் ஒலிவாங்கி, கணினியிலுள்ள பாடல், தொலைபேசி எல்லாம் அதிலே வந்து கூடிக் கலந்து ஒலிபரப்புக்குப் புறப்படும். மேசையின் ஓர் ஓரத்திலே, அந்த அறையின் ஒலிபெருக்கியில் எதைக் கேட்பது என்று தெரிவுசெய்யும் பொத்தான்கள் உண்டு. 'நிகழ்ச்சி' என்பது மேசையிலிருந்து புறப்படுவதைத் தரும். 'வெளி 1', 'வெளி 2' என்பன மேசைக்கு அப்பாலிருந்து வருவதைத் தரும். வெளிப் பொத்தானை அழுத்தினால் ஒலிபரப்பில் ஒரு மாற்றமும் நேராது. அழுத்தியவரின் காது மட்டும் இடம் மாறும்.

பழைய மேசைகளிலே பின்புறம் ஈயம் பற்றவைத்த கம்பி எதுவோ, அதுதான் வெளி 1. பொறியியலாளர் ஒருவர் ஒருநாள் தீர்மானித்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்றைய டிஜிட்டல் மேசைகளில் கம்பியின் இடத்தை இலக்கம் பிடித்துக்கொண்டது. உதாரணமாக, 2003இல் வெளிவந்த லைவ்வயர் முறையிலே நிலையத்தின் ஒவ்வோர் ஒலிமூலத்துக்கும் 1 முதல் 32767 வரையில் ஓர் இலக்கமும், கூடவே ஒரு பெயரும் உண்டு. மேசையின் அமைப்புப் பக்கத்தைக் கணினியிலே திறந்து, வெளி 1 என்ற கட்டத்துக்கு உரிய மூலத்தைக் குறித்துவிட வேண்டும். எந்த மேசை கேட்கிறதோ அதற்கு மாத்திரமே வலையமைப்பு அந்த ஒலியை அனுப்பும். ஒன்றையும் குறிக்காவிட்டால் பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு சத்தமும் வராது.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிலையத்திலே, பெயர் வேண்டாம், என்னுடைய சிறுகதை ஒன்று நேரடியாக வாசிக்கப்பட்டது. புத்தம்புது மேசை. பொருத்தியவர்கள் நிகழ்ச்சிப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, வெளிப் பொத்தான்களைப் 'பிறகு பார்க்கலாம்' என்று வெறுமையாய் விட்டிருந்தார்கள். கதையிலே ஆச்சி ஒருத்தி இரவு நேரத்தில் அயல்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து பதில் இல்லை. பிரதியிலே 'மௌனம், ஐந்து விநாடி' என்று எழுதியிருந்தேன். அந்த மௌனத்திலேதான் கலையகத்துக்கும் மலையுச்சியிலுள்ள ஒலிபரப்பிக்கும் இடையிலான இணைப்பு அறுந்தது.

கண்ணாடிக்கு இப்பாலிருந்து நாங்கள் மிச்சக் கதை முழுவதையும் கேட்டோம். வாசித்தவர் அருமையாக வாசித்தார். எங்கள் ஒலிபெருக்கியில் ஒரு குறையும் இல்லை. இருக்கவும் முடியாது, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அனுப்பியதை. போய்ச் சேர்ந்தது எது என்று கேட்க அந்த மேசையிலே வழியிருக்கவில்லை. ஆறு நிமிடம் கழித்து வவுனியாவிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, அந்தக் கதவு திறந்ததோ, இல்லையோ?" என்று கேட்டார். மௌனமும் கதையின் பகுதி என்று எண்ணி, அவ்வளவு நேரமும் வானொலிப் பெட்டியடியிலே காத்திருந்திருக்கிறார்!

மௌனம் நீண்டால் மணியடிக்கும் கருவிகள் உண்டே என்பீர்கள். உண்டு. அவற்றையும் மேசையின் வாசலிலே பொருத்திவைத்தால் இதே கதிதான்.

என்னைக் கேட்டால், வெளி 1இலே வானிலிருந்து அலையைப் பிடிக்கும் சாதாரண வானொலிப் பெட்டி ஒன்று இருக்கவேண்டும். வெளி 2இலே பிரதான கட்டுப்பாட்டறையிலிருந்து ஒலிபரப்பிக்குப் புறப்படும் ஒலி. இரண்டாவது கேட்க, முதலாவது கேட்காவிட்டால், பழுது நிலையத்துக்கு வெளியே என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. 'ஆர்எக்ஸ் 3' என்பது பொறியியலாளருக்கு விளங்கும். நள்ளிரவிலே தனியே இருக்கும் அறிவிப்பாளருக்கு 'வானிலிருந்து' என்று எழுதினால்தான் கை தயங்காமல் போகும். இந்த ஒரு விடயத்திலாவது எழுத்தாளனைக் கூப்பிட்டுக் கேட்கலாம்!

ஒரு சிக்கலும் இருக்கிறது. முன்னர் அறிவிப்பாளர் தம் குரல் வானிலிருந்து திரும்புவதை ஹெட்போனில் கேட்டபடியே பேசலாம். அது உடனே வந்துவிடும். இப்போது ஒலி பல கருவிகளைக் கடந்து பிந்தி வருகிறது. அமெரிக்காவின் எச்.டி. ரேடியோவிலே தாமதம் ஏறக்குறைய எட்டு விநாடி. தன் குரலை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திக் கேட்பவரின் பேச்சே திக்கத் தொடங்கும் என்று பேர்னார்ட் லீ 1950இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே அறிவிப்பாளரின் ஹெட்போனுக்கு ஒரு தெரிவும், கட்டுப்பாட்டறை ஒலிபெருக்கிக்கு வேறொரு தெரிவும் வேண்டும். மேசையையும் தாமே இயக்கிப் பேசுபவர் பாடல் போகும் இடைவெளியில்தான் வெளி 1ஐ அழுத்திப் பார்க்கலாம். ஒலிவாங்கி திறந்ததும் அந்த அறையின் ஒலிபெருக்கி தானாகவே அடங்கிவிடுமல்லவா?

இப்போதெல்லாம் நான் கதை கொடுக்கப் போனால், பிரதியை நீட்டுமுன் வெளி 1ஐ அழுத்திக் காட்டச் சொல்வேன். சில இடங்களில் சிரிப்பார்கள்; சில இடங்களில் தேநீர் தந்து பேச்சை மாற்றுவார்கள். ஆச்சியின் கதை மறுவாரமே மீண்டும் ஒலிபரப்பானது. மௌனத்தை இரண்டு விநாடியாகக் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை.