நாய்க்கும் சேர்த்து ஒரு ஜாகை

உத்தியோகத்தின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் கடல் கடந்து செல்வோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். புறப்படுமுன் எதைக் கொண்டுசெல்வது, எதை விட்டுச்செல்வது என்று பட்டியல் எழுதுவது வழக்கம். இட்லித் தட்டிலிருந்து ஊறுகாய்ச் சாடி வரையில் அதில் இடம்பெறும். சில வீடுகளில், பட்டியல் எழுதுகிறவருடைய காலடியிலேயே ஒரு ஜீவன் படுத்துக்கொண்டிருக்கிறது. தன் பெயர் எந்தப் பக்கத்தில் விழப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. அந்த ஜீவனைப் பற்றித்தான் இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன்.

வளர்த்த நாயை உடன் அழைத்துச் செல்வதில் விமானக் கட்டணமே பெருந்தடை என்று பலர் நினைக்கின்றனர். அது பெருஞ்செலவுதான், ஐயமில்லை. ஆயினும் கட்டணத்தைக் கட்டினால் விமானம் ஏற்றிக்கொள்கிறது. போய் இறங்கும் ஊரில் அந்த நாயோடு நம்மை ஏற்றுக்கொள்ளும் வீடு எங்கே? அதற்குப் பணம் மட்டும் விடை ஆகாது. 2023-ஆம் ஆண்டில் நாங்கள் சென்னையிலிருந்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்தோம். ஆதலால் ஜெர்மனியைக் கொண்டே இதைச் சொல்கிறேன். பிற நாடுகளில் சட்டம் வேறு. பிரான்சில், வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாது என்று குடித்தன ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது பொதுவாகச் செல்லாது என்று 1970-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்துவிட்டார்கள். ஜெர்மனியில் விஷயம் அவ்வளவு நேர் அன்று.

எங்கள் நாய்க்கு மணி என்று பெயர். இன்ன ஜாதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மயிலாப்பூரில் மழைக்கு ஒதுங்கிய குட்டி, செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். நாங்கள் புறப்பட்டபோது அதற்கு வயது ஏழு.

என் கணவர் முன்னதாகப் பெர்லினுக்குச் சென்று வீடு தேடினார். அந்நகரில் வாடகை வீட்டுக்கு உள்ள நெருக்கடியை நம் ஊர் அளவுகோலால் அளக்க முடியாது. ஒரு வீடு காலி என்று இணையத்தில் விளம்பரம் வந்தால் ஒரே நாளில் விண்ணப்பங்கள் குவிந்துவிடும். சம்பளச் சீட்டு, முந்திய வீட்டுக்காரர் கொடுத்த அத்தாட்சி, 'ஷூஃபா' என்னும் நிறுவனம் தரும் கடன் நாணய அறிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள். புதிதாகக் கப்பலோ விமானமோ ஏறி வந்தவனிடம் இவற்றில் பாதி இராது. இவற்றோடு ஒரு கேள்வித்தாளும் வரும். அதில் ஒரு வரி: பிராணி வளர்க்கிறீர்களா? ஆம் எனில் எது?

அறுபது வீடுகளுக்கு மேல் அவர் எழுதினார். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே இல்லை. ஒரு வீட்டு முகவர் மட்டும் தொலைபேசியில் அழைத்து, எல்லாம் சரியாக இருக்கிறது, அந்த ஒரு வரியை மாத்திரம் மாற்றி அனுப்புங்கள் என்று நயமாகச் சொன்னார். அங்கே பழகிய நண்பர் ஒருவரும் அதையே சொன்னார்: "முதலில் சாவியை வாங்குங்கள், நாய் பிறகு வரட்டும், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது."

சட்டம் எந்த அளவுக்கு நம் பக்கம் இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்ல்ஸ்ரூஹ நகரில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி அது ஒரு தீர்ப்பு வழங்கியது. கெல்சன்கிர்ஷன் என்னும் ஊரில் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்றின் வீட்டில் ஒரு குடும்பம் குடியேறியது. நாயும் பூனையும் கூடாது என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை. குடும்பத்தோடு வந்ததோ தோள் உயரம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டரே உள்ள ஒரு கலப்பு ஜாதி நாய். நான்கு வாரத்துக்குள் அதை அப்புறப்படுத்துக என்றது சங்கம். வழக்கு உச்சிவரை சென்றது. நாயையும் பூனையும் அடியோடு விலக்கும் அச்சிட்ட பொது நிபந்தனை செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. விலங்கின் வகை, பருமன், எண்ணிக்கை, நடத்தை, வீட்டின் அமைப்பு, அண்டை அயலாரின் நலன் ஆகிய அனைத்தையும் இருபுறமும் சீர்தூக்கி, வழக்குக்கு வழக்கு தனித்தனியே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. கூண்டுப் பறவை, தொட்டி மீன் முதலிய சிறு பிராணிகளுக்கு வீட்டுக்காரரின் அநுமதியே வேண்டுவதில்லை.

எங்கள் மணி அளவில் பெரியதாயினும் அதுவும் கலப்பு ஜாதிதான். ஆகவே இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லத்தரமன்று. ஆனால் சிறிது நேரம் யோசித்ததும் அதன் எல்லை விளங்கிற்று. இது வீட்டுக்குள் இருப்பவனைக் காக்கும் தீர்ப்பு. வாசலில் நிற்பவனுக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. நாற்பது விண்ணப்பங்களில் நாய் இல்லாத ஒருவரை வீட்டுக்காரர் பொறுக்கிக்கொண்டால், ஏன் என்று யார் கேட்க முடியும்? ஆகவே நண்பருடைய யோசனையில் உலகியல் அறிவு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தும் நாங்கள் அதற்கு இசையவில்லை. மாடிப்படியில் வீட்டுக்காரரைச் சந்திக்கும் ஒவ்வொரு காலையிலும் வழக்கறிஞரை நினைத்துக்கொண்டே வணக்கம் சொல்லும் வாழ்க்கை எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. மொழி தெரியாத ஊரில் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் ஒன்றுதானே முதல்?

ஆகவே வேறு வழியில் முயன்றோம். மணியைப் பற்றி ஒரே ஒரு பக்கம், ஜெர்மன் மொழியில், நண்பரின் மனைவியைக் கொண்டு எழுதுவித்தோம். வயது, எடை, கருத்தடை செய்தாயிற்று என்பது, தடுப்பூசி விவரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது, நாயால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான காப்புறுதி எடுக்கச் சித்தமாயிருக்கிறோம் என்பது, ஒரு புகைப்படம். பெர்லினில் அந்தக் காப்புறுதி எப்படியும் சட்டப்படி கட்டாயம். ஆனால் நாமாகவே முந்திச் சொல்லும்போது அதற்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. இதோடு எங்கள் சென்னை வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தோம். ஐந்து ஆண்டுகளில் இந்த நாயால் கதவுக்கோ தரைக்கோ சேதமில்லை என்று நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டார். அவர் நாயை விரும்புகிறவர் அல்லர். அதனால்தானோ என்னவோ கடிதத்தில் ஒரு நம்பகம் இருந்தது.

நாய்கள் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்த வீடுகளுக்கு எழுதுவதை அதன்பின் நிறுத்திவிட்டோம். பேசித் தீர்மானிக்கலாம் என்ற குறிப்பு உள்ளவற்றுக்கு மட்டுமே எழுதினோம். மூன்றாவது வாரத்தில் ஒரு முதிய அம்மையாரிடமிருந்து பதில் வந்தது. நாய் என்ன ஜாதி என்று அவர் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் குரைக்குமா? வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. வயதானபின் அது எப்படி ஏறும்? இவ்விரண்டையுமே கேட்டார். இரண்டாவது கேள்வியை நாங்களே எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. பழைய கட்டடங்கள் நிறைந்த அந்த நகரத்தில் அது மிகவும் நியாயமான கேள்வி. அவரே பிறகு அதே கட்டடத்தில் தரைத்தளத்தை ஒட்டிய சிறிய வீடு ஒன்று காலியாகும் வரையில் இரண்டு மாதம் காத்திருக்க முடியுமா என்று கேட்டார். காத்திருந்தோம்.

காத்திருக்க முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. நேயர்களில் எவரேனும் இத்தகைய பிரயாணத்தைக் கருதியிருந்தால் இந்தப் பகுதியைச் சற்றுக் கவனித்துக் கேட்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாயோ பூனையோ செல்ல வேண்டுமானால், முதலில் அதன் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. முறை மாறினால் ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, ஒன்றியம் ஏற்றுக்கொண்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பொருளின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருத்தல் வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கடந்தபின்பே உள்ளே விடுவார்கள். ஆக, எவ்வளவு விரைந்தாலும் நான்கு மாதம். உத்தியோகக் கடிதம் வந்து, ஒரு மாதத்தில் வந்து சேர் என்று சொன்னால் நாய்க்கு வழியில்லை. நாய்கள் பின்தங்கிப் போவது பெரும்பாலும் அன்பில்லாமையால் அன்று, நாட்காட்டியால்தான்.

இதில் ஓர் ஆறுதல் உண்டு. தடுப்பூசியைத் தவணை தவறாமல் புதுப்பித்து வந்தால் அந்த இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டியதில்லை. ஆகவே விசா வருமோ வராதோ என்றிருக்கும் நாளிலேயே அதைச் செய்து வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அவ்வாறே செய்திருந்தோம். இன்னொரு விதி: உரிமையாளர் செல்லும் நாளுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ பிராணியும் சென்றுவிட வேண்டும்; தவறினால் வியாபாரச் சரக்குக்குரிய விதிகள் வந்து சூழ்ந்துகொள்ளும். கணவர் முன்னால் போக, நான் பின்னால் போவதாக இருந்ததால், காகிதங்களில் உரிமையாளராக என் பெயரையே எழுதினோம். இல்லாவிட்டால் அவர் வீடு தேடிய மாதங்களில் எங்கள் ஏற்பாடு முழுவதும் குலைந்திருக்கும்.

எல்லா நாயையும் அழைத்துச் சென்றே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக் முதலிய சப்பை மூக்கு நாய்களுக்கு விமானத்தின் அடித்தளத்தில் மூச்சுத் திணறும். பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. பிட்புல், புல்டெரியர் முதலிய சில வகைகளையும் அவற்றின் கலப்புகளையும் ஜெர்மனி 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளே விடுவதில்லை. இருதய நோயுள்ள கிழ நாய்க்குப் பழகிய திண்ணையும் பழகிய கையும் கிடைக்குமானால் அதை அங்கேயே இருக்கவிடுவது நலம். ஆனால் அந்தப் பழகிய கை யாருடையது என்பது புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் தேடும் காரியம் அன்று. காவலாளியிடம் ஒரு மாதச் சோற்றுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனவர்களை நான் அறிவேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, வாய்ச்சொல்லோடு நில்லாமல், இன்ன நாயை வைத்துக்கொள்ள அநுமதி என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வீடு கைமாறினாலும் அந்தத் தாள் பேசும். நாய் இருக்கிறது என்பதற்காக முன்பணத்தை உயர்த்திக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை; வெப்பச் செலவு முதலியன நீங்கலான வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் எதற்காகவும் வாங்கலாகாது என்பது அங்கே சட்டம். அதையும் மூன்று தவணையாகச் செலுத்தலாம். குடியேறியபின் நாய் வரி கட்ட வேண்டும். பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. அடுத்து வரும் ஒவ்வொரு நாய்க்கும் 180. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு சிறு தகடு தருவார்கள்.

எங்கள் வீட்டு வாசல் மணிக்குப் பக்கத்தில் குடியிருப்போர் பெயரை ஒட்டுவது அங்குள்ள வழக்கம். நாங்கள் இருவர் பெயரையும் அச்சிட்டுத் தந்த அம்மையார், மூன்றாவது பெயருக்கு எழுத்துக் கூட்டித் தரும்படி கேட்டு வாங்கி, அதையும் கீழே ஒட்டிவிட்டார். தபால்காரர் முதல் வாரத்தில் அந்தப் பெயருக்குத் தபால் ஏதும் உண்டா என்று தேடியதாகக் கேள்வி.