கை வேலைக்கும் கூலி உண்டு



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த பனை ஓலை வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

நான் பிறந்தது மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி பெருங்களத்தூர் வந்தேன். எங்க ஆயா ஓலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை எடுத்து, தண்ணியில் நனைத்து, ஒரே அகலமாகக் கிழித்துத்தான் பெட்டி முடைவார். அடி கோணினால் பெட்டியே கோணும். கோணலாக முடைந்தால் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

அதை யாரும் கலை என்று சொன்னதில்லை. பெட்டி, விசிறி, தடுக்கு எல்லாம் வீட்டுச் சாமான், அவ்வளவுதான். ஆனால் நம்ம தமிழைக் காப்பாற்றியதும் இதே பனை ஓலைதான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடித்தான் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். ஓலையைப் பக்குவம் செய்த கைகள் இல்லையென்றால் ஏடு ஏது? இன்றைக்கு செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அதையும் முடைவது நம்மைப் போன்ற பெண்கள்தான்.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபிறகு ஓலைப் பெட்டியைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு கண்காட்சியில் 150 ரூபாய் பெட்டியை ஒருவர் பேரம் பேசினார். திரும்பக் கொண்டுபோவானேன் என்று 80க்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் கடை போட்டிருந்த எங்க குழு அக்கா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும்போது கேட்டார்: "ஓலைக்கும் சாயத்துக்கும் 50 போச்சு. உன் ரெண்டு நாள் உழைப்பு 30 ரூபாயா? நீ குறைச்சதால நானும் 80க்குத்தானே கொடுக்க வேண்டியதாச்சு?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்திலேயே விலையைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதுக்குக் கீழே யாரும் விற்பதில்லை.

இதே மாதிரி கூட்டமைப்பு முழுக்க ஒரே விலை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்ம கைக்கு நாமே மதிப்புப் போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

போன வாரம் எட்டாவது படிக்கும் என் மகள் முதல் பெட்டி முடைந்தாள். அடி கோணியிருந்தது. பிரிச்சு முடைம்மா என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். இப்போது பெட்டி நேராக நிற்கிறது.