குறி தவறாத கையே!

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் எழுந்தவுடனேயே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே, ஹூஸ்டன் குளிரிலும் பொங்கல் வைத்துவிட்டுப் பட்டுச்சேலை கலையாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்களே!

‘அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்கின் மதிப்பைக் கூட்டுவது குறி தவறாத கையா, துணிந்த நெஞ்சா?’ என்பது தலைப்பு. இதை ஊரில் இருக்கிற என் வீட்டம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏங்க, கால்பந்துன்னா காலாலதானே உதைப்பாங்க? இதுல கைக்கு என்ன வேலை?” என்று கேட்டார்கள். (சிரிப்பு) நியாயமான கேள்வி. முப்பது வருஷமா நான் பேசுற பேச்சுக்கெல்லாம் அவங்க கேக்குற கேள்வி இப்படித்தான் இருக்கும், பதில் இருக்காது. ஆனா இதுக்குப் பதில் இருக்கு.

நம்ம ஊர் நேயர்களுக்காக ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். அணிக்குப் பதினொரு பேர். நூறு கெஜ மைதானம். நாலு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேறணும். முன்னேறினா மறுபடியும் நாலு வாய்ப்பு. இல்லைன்னா பந்து எதிரிக்கு. இந்தப் பதினொரு பேரில் ஒருத்தர்தான் குவார்ட்டர்பேக். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். வந்தவுடன் நூற்று முப்பது கிலோ எடையில் நாலு பேர் அவரை அமுக்க ஓடி வருவான். மூணு நொடிக்குள்ள ஆளைப் பார்த்து, தீர்மானம் பண்ணி, பந்தை எறிஞ்சாகணும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைக் கொல்ல ஆள் அனுப்பினா எப்படி இருக்கும்? அப்படி ஒரு உத்தியோகம். (சிரிப்பு)

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது 2010 பிப்ரவரியில். நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் என் தம்பி வீடு. கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தேன். தம்பி மகனுக்கு அப்போ பத்து வயசு. “பெரியப்பா, இன்னைக்கு சூப்பர் பவுல். நீங்க தூங்கக் கூடாது”ன்னு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகிட்டான். அவன்தான் எனக்கு ஆசிரியர். பேராசிரியருக்குப் பாடம் எடுக்கிறோம்ங்கிற பயமே இல்லாம, நான் தப்பாச் சொன்னா தலையில் குட்டுற அளவுக்கு நல்ல ஆசிரியர்.

அந்த நியூ ஆர்லியன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ். அவர் கதையைச் சொன்னால் எங்கள் அணியின் வாதம் பாதி முடிந்துவிடும் நடுவர் அவர்களே. உயரம் ஆறு அடி. நம்ம ஊர்ல ஆறடின்னா ஆஜானுபாகு. அந்த ஆட்டத்தில் குள்ளம். 2001-ல் ஆளெடுப்பு நடந்தபோது 32-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2005-ஆம் ஆண்டு சீசனின் கடைசி ஆட்டத்தில் எறிகிற தோளே கிழிந்துபோனது. எறிகிற தோள்! தவில்காரருக்கு விரல் போன மாதிரி.

அதே 2005-ல், ஆகஸ்டில்தான் கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் எண்பது சதவீதம் தண்ணீரில் கிடந்தது. சூப்பர்டோம் மைதானத்தில் ஆட்டம் இல்லை. வீடிழந்த ஜனங்கள் படுத்திருந்தார்கள். என் தம்பி குடும்பம் ரெண்டு பெட்டியோடு வெளியேறி, மறு வருஷம்தான் திரும்பியது. அந்த அணி அந்த வருஷம் சொந்த மைதானம் இல்லாமல் ஊர் ஊராக ஆடி, 16 ஆட்டத்தில் 3 ஜெயித்தது.

2006-ல் ப்ரீஸை எடுக்கலாமா என்று மயாமி அணி யோசித்தது. மருத்துவர்கள் தோளைப் பார்த்துத் தயங்கினார்கள். அந்த அணி வேறொருவரை எடுத்துக்கொண்டது. அவர் அந்த வருஷம் நாலு ஆட்டம்தான் ஆட முடிந்தது. கிழிந்த தோளோடு கிடந்தவரைக் கிழிந்து கிடந்த ஊர் எடுத்துக்கொண்டது. 2006 செப்டம்பர் 25-ல் சூப்பர்டோம் திறந்து முதல் ஆட்டம். 23-3 என்று வெற்றி. அந்த சீசனில் 10 வெற்றி. இதைச் சொல்லும்போது என் தம்பிக்கு இன்றைக்கும் குரல் கம்மும்.

எதிரணித் தலைவர் இப்போ குறிப்பு எடுக்கிறார். என்ன எழுதுகிறார் என்று தெரியும். “பார்த்தீங்களா, இது துணிவுதானே”ன்னு எழுதுகிறார். ஐயா, அவசரப்படாதீங்க. துணிவு இருந்தது, இல்லைன்னு சொல்லல. ஆனால் ஆறடி உயரம், அறுவை செய்த தோள், மின்னல் வேகம் கிடையாது, பீரங்கி வீச்சும் கிடையாது. இத்தனை ‘இல்லை’களை வைத்துக்கொண்டு இருபது வருஷம் அந்த மனுஷன் எப்படி நின்றார்? ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது கெஜ தூரத்தில் வில்வித்தைப் பலகையை வைத்து எறியச் சொன்னார்கள். பத்துப் பந்து எறிந்தார். பத்தும் நடு வட்டத்தில்! (கைதட்டல்) துரோணர் இருந்திருந்தா, கிளியின் கண் தெரியுதான்னு கேட்டிருக்கவே மாட்டார். அந்த 2010 சூப்பர் பவுலில் 10-0 என்று பின்தங்கியிருந்த அணி. 39 பந்து எறிந்தார், 32 பிடிபட்டது. 31-17 என்று கோப்பை நியூ ஆர்லியன்ஸுக்கு. என் தம்பி மகன் என் மடியில் ஏறிக் குதித்ததில் என் கண்ணாடி உடைந்தது. அதற்கான செலவை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.

எதிரணித் தங்கை ஜோ நேமத்தைக் கொண்டு வந்தார்கள். நல்ல ஆயுதம்தான். வாழ்நாள் முழுக்க எறிந்த பந்தில் பாதிதான் பிடிபட்டது, 50.1 சதவீதம். எதிரி கையில் கொடுத்தது மட்டும் 220. ஆனாலும் 1969-ல், “ஜெயிப்போம், உத்தரவாதம்” என்று முன்கூட்டியே சொல்லி சூப்பர் பவுலை ஜெயித்தார், சிறந்த வீரர் ஆனார், எனவே துணிவே மதிப்பு என்றார்கள். தங்கச்சி, அந்த நாளின் கணக்கைப் பாருங்க. 28-ல் 17. எதிரி கையில் எத்தனை? பூஜ்யம்! வாழ்நாளில் 220 தவறு செய்தவர், உத்தரவாதம் கொடுத்த அந்த ஒரு நாளில் ஒரு தவறும் செய்யவில்லை. வாய் கொடுத்த வாக்கைக் கைதான் காப்பாற்றியது. (கைதட்டல்) இன்னொன்று, பந்து வாங்க ஓடுகிறவனை எதிரி வழியெல்லாம் பிடித்துத் தள்ளலாம் என்றிருந்த காலம் அது. 1978-ல்தான் அந்த விதியை இறுக்கினார்கள். அந்தக் காலத்து ஐம்பதையும் இந்தக் காலத்து எழுபதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அடுத்து ஜாஷ் ஆலன். கல்லூரியில் 56 சதவீதம்; இருந்தும் பஃபலோ அணி 2018-ல் ஏழாவது ஆளாக எடுத்ததே, அது வலிமைக்குக் கொடுத்த மதிப்புதானே என்றார்கள். ஆமாம், எடுத்தார்கள். முதல் வருஷம் 52.8. கேலி பண்ணாத ஆள் இல்லை. அடுத்த வருஷம் 58.8. மூன்றாவது வருஷம் 69.2. அதற்குப் பிறகுதான் 2021-ல் ஆறு வருஷத்துக்கு 25 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 52-ல் இருந்தபோதும் அதே நெஞ்சுதான், அதே உடம்புதான். நடுவில் மாறியது எது? நீங்களே சொல்லுங்க.

பேட்டன் மானிங்கைப் பற்றிச் சொன்னது மட்டும் எனக்கு உறைத்தது, ஒப்புக்கொள்கிறேன். 2015 சீசனில் 9 டச்டவுன், 17 பந்து எதிரி கையில். ஆனாலும் கோப்பை. உண்மை. அது அவருடைய தற்காப்பு ஆட்டக்காரர்கள் வாங்கிக் கொடுத்த கோப்பை. அன்றைக்குச் சிறந்த வீரர் விருதும் அந்தப் பக்கத்துக்கே போனது. ஆனால் இதே மானிங்கின் மதிப்பை 2011-ல் பாருங்கள். கழுத்து அறுவையால் அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. முந்தைய வருஷம் 10 ஆட்டம் ஜெயித்த இண்டியானாபொலிஸ் அணி, அவர் இல்லாமல் 16-ல் 2 ஜெயித்தது. வீட்டில் அம்மா நாலு நாள் ஊருக்குப் போனால்தான் அடுப்படியின் அருமை தெரியும். மதிப்பை அளக்க இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

எதிரணித் தலைவர் வள்ளுவரையே கூட்டி வந்துவிட்டார். முயலும் யானையும் வருகிற அந்தக் குறள். எனக்கே குறளா? (சிரிப்பு) ஐயா, போர்க்களத்தில் யானையைத் தப்பவிட்ட வேலுக்குப் பெருமை உண்டு. ஆனா இந்த ஆட்டத்துல தப்பின வேலை யானைப்பாகன் பிடிச்சுக்கிட்டு நம்ம கூடாரத்துக்கே ஓடி வருவான்! அதே 2010 இறுதி ஆட்டத்தில் மானிங் எறிந்த ஒரே ஒரு பந்து எதிராளி கையில் விழுந்தது. 74 கெஜம் ஓடினான். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு வருகிறேன். அதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். 2016-ல் மினசோட்டா அணியின் சாம் ப்ராட்ஃபோர்டு 71.6 சதவீதம் எறிந்து, ப்ரீஸ் 2011-ல் வைத்த 71.2 சாதனையை முறியடித்தார். அணியோ 8 வெற்றி, 8 தோல்வி. கோப்பைச் சுற்றுக்கே போகவில்லை. “இலக்கு தவறாத கைக்கு இதுதான் மதிப்பா?” என்று கேட்டார்.

நடுவர் அவர்களே, சதவீதம் வேறு, இலக்கு வேறு. ரெண்டு கெஜம் பக்கத்தில் நிற்கிறவனிடம் பந்தைக் கொடுத்தாலும் கணக்கில் ஒன்று. முப்பது கெஜம் தள்ளி, இரண்டு எதிரிகளுக்கு நடுவே, அவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவன் வரப்போகிற இடத்துக்கு எறிந்தாலும் ஒன்றுதான். கைக்கு வந்த பந்தை அவன் நழுவவிட்டால் எறிந்தவன் கணக்கில் தவறு. ஆபத்தைத் தவிர்க்கக் கோட்டுக்கு வெளியே வீசினாலும் தவறு. கடிகாரத்தை நிறுத்தத் தரையில் குத்தினால் அதுவும் தவறு! நல்ல எறிதல் என்பது ஆளைப் பார்த்து எறிவதில்லை. எதிரி எந்தத் தோள் பக்கம் நிற்கிறானோ, அதற்கு மறு தோள் பக்கம். நெருக்கமாக நின்றால் முழங்கால் உயரத்தில். நம்மவனுக்கு மட்டும் எட்டணும், எட்டாவிட்டால் யாருக்கும் எட்டக் கூடாது. அதைத்தான் நான் குறி என்கிறேன். ப்ரீஸ் 2018-ல் 74.4 எறிந்தாரே, அது சாதனை என்பதால் அல்ல, அந்தப் பந்துகள் போய் விழுந்த இடத்தால் அவருக்கு மதிப்பு.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த ஞானம் இல்லை. அதே 2016. மூன்று மாதம் தம்பி வீட்டில் இருந்தேன். அவன் மகனுக்குப் பதினாறு வயசு. பள்ளி அணியில் குவார்ட்டர்பேக். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து ஒரு தாளோடு வந்தான். 21 பந்து எறிந்து 11 பிடிபட்டிருந்தது. என் தம்பி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “52 சதவீதமா? கணக்குல 98 வாங்குறவன் இதுல 52 வாங்கலாமாடா?” என்றான். (சிரிப்பு) நீங்க சிரிக்கிறீங்க. அந்தப் பையன் சிரிக்கல. நானும் பெரியப்பாவாக ஏதாவது சொல்லியிருக்கணும், சொல்லல. முப்பது வருஷமா விடைத்தாள் திருத்துற கை இது. தாளில் 52 என்றிருந்தால் 52 என்றுதான் எனக்கும் தெரிந்தது.

அடுத்த வாரம் 20-க்கு 18. தொண்ணூறு சதவீதம்! தம்பி பாயசம் வைக்கச் சொன்னான். அணி தோற்றது; ஒரு டச்டவுன்கூட இல்லை. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பின்சீட்டில் இருந்து பையன் கேட்டான், “பெரியப்பா, நான் நல்லா ஆடினேனா?” கார் முழுக்க மௌனம். எல்லாப் பந்தையும் ரெண்டு கெஜத்தில் கொடுத்திருந்தான்.

அன்று ராத்திரி முந்தைய வார ஆட்டத்தின் வீடியோவை நானும் அவனும் போட்டுப் பார்த்தோம். பிடிபடாத பத்துப் பந்தில் நாலு, கையில் பட்டு நழுவியது. ரெண்டு, வேண்டுமென்றே வெளியே வீசியது. ஒன்று, கடிகாரத்துக்காகத் தரையில் குத்தியது. உண்மையான தவறு மூன்றே மூன்று. தாளில் பத்து. பத்தரை மணிக்குத் தம்பியை எழுப்பிக் கொண்டு வந்து அதே வீடியோவை மறுபடியும் ஓடவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மகன் தலையில் கையை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

மூன்றாவது வாரம். கடைசிக் கால்பகுதி. பையன் பின்னால் நகர்ந்தான், மூலையைப் பார்த்தான், முப்பது கெஜத்துக்கு எறிந்தான். எதிரியின் தலைக்கு மேலே, நண்பன் எட்டினால் கிடைக்கும், எதிரிக்கு ஏணி வைத்தாலும் கிடைக்காது, அப்படி ஒரு இடம். நண்பனின் விரல் நுனியில் பட்டு நழுவி விழுந்தது. கூட்டம் ‘ஆ’ என்றது. பையன் மைதானத்திலிருந்து எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வீட்டுக்கு வந்து முதல் வார்த்தை, “பெரியப்பா, அது போன இடத்தைப் பாத்தீங்களா?”

நடுவர் அவர்களே, அந்தப் பந்துக்கு அந்தத் தாளில் முட்டைதான் போட்டிருக்கிறார்கள். இப்போது இருபத்தாறு வயசில் அந்தப் பையன் ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், வீடியோ அவன் போனில் இருக்கிறது. (பலத்த கைதட்டல்)