இரண்டு பெயர், ஒரு குழந்தை

(ஜூன் 24, புனித திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழாவுக்கான வானொலி மறையுரை)



சில மாதங்களுக்கு முன், மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் ஒரு மாலை வேளை. நம் பங்கு இல்லத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் உள்ள நம் வல்லம் வட்டாரத்துக் குடும்பம்தான். இளம் தம்பதியர், மாமியார், பெண்ணைப் பெற்ற தாய், கையில் நாலு மாதப் பெண் குழந்தை. திருமுழுக்குக்கு நாள் கேட்டு வந்திருந்தார்கள். பதிவேட்டைத் திறந்து, "குழந்தைக்கு என்ன பெயர்?" என்று கேட்டோம். இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வந்தது. ஒருவர் "அன்னம்மாள்" என்றார். மற்றவர் "தெரேசா" என்றார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

மாமியார் சொன்னார்: "எங்க மாமியார் பேரு சாமி. ஊருல பாதிப் பேருக்குச் செபம் சொல்லிக் குடுத்தது அந்த ஆயாதான். தலைப்பிள்ளைக்கு அந்தப் பேரு வைக்கலன்னா யாருக்கு வைக்கிறது?" சம்பந்தியம்மா சொன்னார்: "மகளுக்கு நாலு வருசமா குழந்தையில்ல சாமி. குழந்தை தெரேசம்மாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். பொண்ணு பொறந்தா உன் பேருதான்னு சொல்லிட்டேன். சொன்ன வாக்க மீறலாமா?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. இருவர் கண்ணிலும் நீரும் இருந்தது. ஆனால் இந்த வழக்கில் நாலு மாதம் கழிந்துவிட்டது. பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்குப் பெற வேண்டிய குழந்தை, பெயருக்காகக் காத்திருந்தது.

அன்பார்ந்தவர்களே, இன்று நாம் கேட்ட நற்செய்தியும் ஒரு பெயர்ச் சண்டைதான். எட்டாம் நாள் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிவிட்டார்கள். அப்பா பெயர் செக்கரியா, ஆகவே பிள்ளைக்கும் செக்கரியா என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அப்போது எலிசபெத்து, "கூடாது, யோவான் என்றே பெயரிட வேண்டும்" என்கிறார். உடனே, உன் உறவில் யாருக்கும் இந்தப் பெயர் இல்லையே என்று மறுக்கிறார்கள். பெற்றவள் சொன்ன பிறகும் அவர்கள் திரும்பியது அப்பாவின் பக்கம்தான். வாய் பேச முடியாத அவரிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். அவர் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, குழந்தையின் பெயர் யோவான் என்று எழுதுகிறார். பெயர் வைக்கலாம் என்றோ, வைப்போம் என்றோ அவர் எழுதவில்லை. ஏற்கெனவே இருக்கிற பெயராக எழுதினார். எழுதியதும் கட்டுண்ட நா அவிழ்ந்தது. மனைவியின் சொல்லுக்கு அவர் துணை நின்ற நேரமும், அவருக்குப் பேச்சு திரும்பிய நேரமும் ஒன்றே.

யோவான் என்ற எபிரேயப் பெயருக்கு 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பது பொருள். நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் அவரை அருளப்பர் என்று அழைத்தார்கள். வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்றே பெயர் சூட்டினார். பவுல் என்றால் சிறியவர் என்று பொருள், ஆகவே அவர் நமக்குச் சின்னப்பர் ஆனார். பெயரை ஓசையாக மட்டும் கேட்காமல், அதற்குள் இருக்கும் பொருளை நம் மொழியில் கேட்டவர்கள் நம் மூதாதையர்.

அப்படிப் பார்த்தால், நம் பங்கு இல்லத்து மேசைக்கு வந்த இரண்டு பெயரும் எப்படிப்பட்டவை?

அன்னா என்ற பெயரும் அதே 'அருள்' என்னும் எபிரேய வேரிலிருந்து வந்ததுதான். விவிலியத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கண்ணீர் விட்டுச் சாமுவேலைப் பெற்றவர் ஓர் அன்னா. எருசலேம் கோவிலில் நோன்பிருந்து, 84 வயதில் குழந்தை இயேசுவைக் கண்டு, மீட்புக்காகக் காத்திருந்தவர்களிடம் அவரைப் பற்றிப் பேசிய இறைவாக்கினர் இன்னோர் அன்னா. அன்னை மரியாவைப் பெற்ற அன்னம்மாளின் பெயர் விவிலியத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய எழுத்தின் வழியாகவே அது நமக்கு வந்து சேர்ந்தது. ஜூலை 26-இல் சுவக்கின், அன்னா இருவரையும் இயேசுவின் தாத்தா பாட்டியாகக் கொண்டாடுகிறோம்.

தெரேசா என்ற பெயரோ அதைத் தாங்கியவர்களால் சிறந்த பெயர். அவிலா தெரேசா 1970-இல் திரு அவையின் மறைவல்லுநராக உயர்த்தப்பட்டார். அந்தப் பெருமை பெற்ற முதல் பெண் அவர்தான். 24 வயதில் இறந்த லிசியே நகர்க் குழந்தை தெரேசாவும் 1997-இல் அதே நிலைக்கு உயர்த்தப்பட்டார். கல்கத்தா அன்னை தெரேசா பிறப்பில் ஆக்னஸ்; குழந்தை தெரேசாவின்மேல் கொண்ட பக்தியால் அந்தப் பெயரை ஏற்றார். நம் தமிழ் மண்ணிலும் ஒரு தெரேசா உண்டு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழில் தாங்கித் தேவசகாயம் ஆனார். இன்று அவர் புனிதர். அவர் மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்றார். தெரேசா என்ற பெயருக்கு ஈடாக அவருக்குக் கிடைத்த தமிழ்ப் பெயர் ஞானப்பூ. எவ்வளவு அழகான பெயர்!

ஆகவே இரண்டும் நல்ல பெயர்களே. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், திருமுழுக்கில் கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குக் குரு கவனிக்க வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டின் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் இடக்கூடாது என்று மட்டுமே சொல்கிறது. எந்தச் சட்டப்படி பார்த்தாலும் இவ்விரண்டில் எதையும் மறுக்க நமக்கு வழியில்லை.

அப்படியானால் இரண்டையும் சேர்த்து 'அன்ன தெரேசா' என்று வைத்துவிடலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் அதைத்தான் முதலில் சொன்னோம். கணவர் மெல்லச் சொன்னார்: "அதுவும் பேசிப் பார்த்தோம் சாமி. எங்க வீட்டுல அன்னம்மான்னுதான் கூப்பிடுவாங்க, அவங்க வீட்டுல தெரேசான்னுதான் கூப்பிடுவாங்க. இப்பவே அப்படித்தான் நடக்குது." அப்போதுதான் நமக்குப் புரிந்தது. இரண்டு நிலத்துக்கு நடுவே வரப்பு போடுவதுபோல, அந்தக் குழந்தையின் நடுவே ஒரு வரப்பு போடப்பட்டுவிட்டது. இங்கே சண்டை எந்தப் புனிதர் பெரியவர் என்பதில் இல்லை, குழந்தை யாருடையது என்பதில்தான்.

அன்பார்ந்தவர்களே, பெயர் என்பது ஒரு குழந்தையைப் பற்றி நாம் சொல்லும் முதல் சொல். அது எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்குப் 'போதும்பொண்ணு' என்றும், 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட வீடுகள் நம் தமிழ்நாட்டில் உண்டு. பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கூப்பிடும்போதெல்லாம், நீ வேண்டாதவள் என்பதை அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே எழுந்து நிற்க வேண்டும்.

விவிலியத்திலும் அப்படி ஒரு பெண் குழந்தை உண்டு. இறைவாக்கினர் ஓசேயாவின் மகள். அவளுக்கு இடப்பட்ட பெயர் லோருகாமா, அதாவது கருணை பெறாதவள். இஸ்ரயேலின் பாவத்தைக் காட்டும் அடையாளமாக அந்தப் பெயர் இருந்தது. ஆனால் கடவுள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அந்த மறுப்பு நீங்கி, ருகாமா, கருணை பெற்றவள் என்று அழைக்கச் சொல்கிறார். ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு பெயர் இருந்தபோது ஆண்டவர் எதைத் தேர்ந்தார் என்று பார்த்தீர்களா? 'நீ வேண்டும்' என்று சொல்லும் பெயரை.

நாம் கதைக்குத் திரும்புவோம். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில், குழந்தையைப் பெற்றவள் சுவரோரம் நின்று தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். மாமியாரிடம் கேட்டோம், சம்பந்தியிடம் கேட்டோம், கணவரிடம் கேட்டோம். ஆண்டுதோறும் எலிசபெத்தைப் பற்றி மறையுரை ஆற்றும் நமக்கே, எதிரில் நின்ற எலிசபெத்து கண்ணில் படவில்லை.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "எந்தப் பேரா இருந்தாலும் சரி சாமி. கூப்பிடும்போது கோவத்தோட கூப்பிடாம இருந்தா போதும்."

சற்று நேரம் அறையில் மௌனம். பிறகு மாமியார், "தெரேசான்னே எழுதுங்க சாமி" என்றார். அதே மூச்சில் சம்பந்தியம்மா, "வேணாம் சாமி, அன்னம்மாளே இருக்கட்டும்" என்றார். மறுபடியும் வழக்கு! ஆனால் இந்த முறை விட்டுக்கொடுப்பதில் போட்டி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

மீண்டும் அவளிடமே கேட்டோம். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பொண்ணுதான் பொறக்கணும்னு ஆசைப்பட்டேன் சாமி. வயித்துல இருக்கும்போதே அன்னா, அன்னான்னுதான் தட்டிக்குடுப்பேன். அம்மா நேர்ந்துக்கிட்டத நான் தீர்த்துடறேன்."

பெற்றோர் பிறப்புச் சான்றிதழிலும் பெயரைச் சேர்க்க வேண்டும். பிறப்பைப் பதிவு செய்தபின் 12 மாதங்கள் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அரசாங்கம் அவ்வளவு காலம் பொறுக்கும். குழந்தை அவ்வளவு காலம் பொறுக்காது. நாம் கூப்பிடும் தொனியை அது முதல் மாதங்களிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது.

உயிர்த்த ஆண்டவரைத் தோட்டத்தில் மகதலா மரியா முதலில் அடையாளம் காணவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசினார். "மரியா" என்று ஆண்டவர் அழைத்த அந்த ஒரே சொல்லில்தான் அடையாளம் கண்டுகொண்டார். மரியா என்ற பெயர் அந்தக் காலத்தில் எத்தனையோ பெண்களுக்கு இருந்தது. அதை அன்போடு அழைத்த குரல்தான் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

ஆகவே, உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தால், நல்ல பெயராகத் தேர்ந்தெடுங்கள். பெரியவர்களைக் கேளுங்கள், புனிதர்களை நினையுங்கள், பொருளைப் பாருங்கள். ஆனால் முதலில் பெற்றவளைக் கேளுங்கள். இரண்டு நல்ல பெயர்களுக்கு நடுவே நின்று தடுமாறினால் அஞ்ச வேண்டாம்; எதைத் தேர்ந்தாலும் ஆண்டவர் அந்தப் பெயராலேயே அவளை அழைப்பார். தேர்ந்த பிறகு, மற்றப் பெயரை ஒரு மனத்தாங்கலாக வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஏற்கெனவே வேண்டாத பெயரைச் சுமக்கும் ஒரு மகள் உங்கள் தெருவில் இருந்தால், அவளை நீங்களாவது அன்பான ஒரு பெயரால் கூப்பிடுங்கள்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் அந்தக் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தோம். குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று முறைப்படி கேட்டோம். தாயும் தந்தையும் சேர்ந்து "அன்னம்மாள்" என்றார்கள். குழந்தையை ஏந்தியிருந்தவர் நேர்த்திக்கடன் செய்த அந்தப் பாட்டிதான்.

செபிப்போம். அருள்கூரும் ஆண்டவரே, தாயின் வயிற்றிலேயே எங்களைப் பெயர் சொல்லி அழைத்தவரே, எங்கள் வீடுகளில் பிறக்கும் ஒவ்வொரு மகளும் தன் பெயரைக் கேட்கும்போதெல்லாம் 'நான் வேண்டப்பட்டவள்' என்று அறிந்துகொள்ள அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.