இல்லமும் மரச்சாமான்களும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியச் சொற்பொழிவுகளுக்கிடையே கட்டிலையும் அலமாரியையும் பற்றிப் பேச ஒருவன் வந்து நிற்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். நாளில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டிலில் கழிக்கிறோம். நம் குழந்தைகள் அதனினும் மிகுதியாகக் கழிக்கின்றனர். அக்கட்டில் எதனால் ஆனது என்று அறிந்து வாங்குவதும் இல்லறக் கடமைகளுள் ஒன்றேயாகும்.

வேலையின் பொருட்டு இந்நகருக்கு வரும் தமிழ்க் குடும்பம், லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகை வீடு பிடித்ததும், கையிலுள்ள தொகைக்குள் சாமான்கள் வாங்க விரைகிறது. மலிவாகவும் பளபளப்பாகவும் கண்ணிற் படுவன பெரும்பாலும் துகள் பலகையால் ஆனவை. மரத்தூளைப் பசையிட்டு அழுத்தி, மேலே மரவரி அச்சிட்ட தாளை ஒட்டியிருப்பார்கள். அப்பசையில் பெரும்பாலும் யூரியாவும் பார்மால்டிஹைடும் சேர்ந்திருக்கும். புதுச் சாமானருகே கண் கரிக்கிறதென்றால், பெரும்பாலும் இந்த பார்மால்டிஹைடு வாயுவே காரணம். அது தொண்டையை உறுத்தும். ஆஸ்துமா உடையோரை மேலும் வருத்தும். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2004-ஆம் ஆண்டில், இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது.

கொல்கத்தாவில் வாழ்வோர் சிறப்பாகக் கருத வேண்டியது ஒன்றுண்டு. வெப்பமும் ஈரமும் கூடினால் இவ்வாயு மிகுதியாக வெளிப்படும். இங்கே மழைக்காலத்தில் இரண்டும் ஒருங்கே கூடுகின்றன. அந்நாட்களில்தான் சாரலுக்கும் கொசுவுக்கும் அஞ்சிச் சன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்குகிறோம்! ஈரம் ஏறிய துகள் பலகை உப்பிப் பிளந்துவிடுவதால், மலிவென்று வாங்கியதை மறுபடியும் வாங்க நேர்கிறது.

தேக்கு வாங்க வசதியில்லையே என்பீர்கள். புதுத் தேக்குதான் வேண்டுமென்பதில்லை. பௌபஜார் மரச்சாமான் கடைகளுக்கும், ரஸ்ஸல் தெரு பழம்பொருள் ஏலத்திற்கும் பெயர் பெற்றவை. நெடி போய்ப் பல்லாண்டு கடந்த கெட்டி மரச்சாமானைப் பொறுமையுடன் தேடினால் நியாயமான விலைக்குப் பெறலாம். சிறு துளைகளின் கீழ் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் வண்டு அரிக்கிறதென்று பொருள்; அதனை விடுக. இணைப்புகளில் மூட்டைப்பூச்சி உண்டா என்றும் பார்த்துக்கொள்க.

பழைய பொருளிலும் ஓர் இடர் உண்டு. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வண்ணம் பூசிய தொட்டிலில் ஈயம் இருக்கக்கூடும். வண்ணம் உரியும் தொட்டிலைக் குழந்தைக்கு வாங்க வேண்டா. அதனை உப்புத்தாளால் தேய்த்துத் தூளைக் கிளப்பவும் வேண்டா.

இரும்புக் கட்டிலும் இரும்பு பீரோவும் இப்பசையற்றவை. மூங்கில், பிரம்பு நாற்காலிகள் எளியவை; வீடு மாறும்போது தூக்கிச் செல்ல இலகுவானவை. தரையில் விரிக்க மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்துச் சபங் பகுதியில் நெய்யப்படும் மாதூர் பாய் உண்டு. அதுவும் கோரையே, பத்தமடைப் பாயில் உறங்கிய நமக்கு அஃது அயலன்று.

ஒட்டுப்பலகையே வேண்டுமாயின் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அதிலுள்ள பீனால் பசை மிகக் குறைந்த வாயுவையே வெளிவிடும். துகள் பலகைச் சாமான் முன்னமே வீட்டில் இருந்தால் மனம் கலங்க வேண்டா. திறந்த விளிம்புகளை அடைத்துப் பூசுங்கள். குழந்தைகள் உறங்கும் அறையினின்று அதனை அகற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சன்னலுக்குக் கொசுவலை அடித்துத் திறந்து வையுங்கள்.

புதிதாகக் குடிவரும் நம்மவர்க்கு நல்ல தச்சரையும் நாணயமான கடையையும் காட்டிக் கொடுப்பதும் சங்கத்தின் தொண்டுகளுள் ஒன்றாகட்டும் என வேண்டி அமைகிறேன்.