சுவருக்குள் ஓடும் மின்சாரம்



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த திருவரங்கத்தில், சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் உள்ள பழைய வீடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றின் சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பப்பட்டவை, மிகத் தடித்தவை. அத்தகைய வீடுகளுக்கு முதன்முதலில் மின்சாரம் வந்த காலத்தில், கம்பியைச் சுவருக்குள் புதைக்கும் வழக்கம் இல்லை. தேக்குச் சட்டங்களைச் சுவரின்மேல் அறைந்து, அவற்றின்மீது கம்பியை ஓட்டினார்கள். பார்ப்பதற்கு அது அழகன்று. ஆயினும், கம்பி எவ்வழியே செல்கின்றது என்பதை வீட்டிலுள்ள சிறு குழந்தையும் அறியும்.

இன்று தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் எழும் அடுக்குமாடி வீடுகளில் கம்பி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுவரைக் கீறி, பி.வி.சி. குழாயைப் பதித்து, அதனுள் கம்பியைச் செலுத்தி, மேலே பூசிவிடுகின்றனர். சுவர் அழகு பெறுகின்றது. ஆனால், முன்பு கண் காத்துவந்ததை இனி நினைவுதான் காத்தல் வேண்டும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறிவியல் கற்பித்தவன். கரும்பலகையில் எத்தனையோ மின்சுற்றுகளை வரைந்தவன். அத்தகைய நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்துக் கம்பிகளைப் புதைத்த மறு ஆண்டு, என் ஆசிரியரின் படத்தை மாட்டுவதற்காகக் கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். ஸ்விட்சுப் பலகைக்கு நேர்மேலே அடிக்கலாகாது என்பதை அறிவேன். ஆதலால் ஒரு முழம் தள்ளியே அடித்தேன். விளக்கு அணையவில்லை. மின்பலகையில் எந்த ஸ்விட்சும் விழவில்லை. எல்லாம் நலமே என்று எண்ணினேன்.

சில வாரங்கள் கழித்து, என் மனைவியார் ஈரத்துணியால் அப்படத்தைத் துடைத்தார். ஆணியில் விரல் பட்டதும் அலறிக் கையை உதறினார். அவர் உலர்ந்த மர முக்காலியின்மேல் நின்றிருந்தமையால் அதிர்ச்சி சிறிதாகவே இருந்தது. ஈரத் தரையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் என் நெஞ்சு நடுங்குகின்றது.

மின்பணியாளர் வந்து பூச்சை உடைத்துப் பார்த்தார். கம்பி ஸ்விட்சிலிருந்து நேர்மேலே செல்லவில்லை. விளக்கை நோக்கிக் குறுக்காகச் சாய்ந்து சென்றிருந்தது. கம்பியையும் உழைப்பையும் மிச்சப்படுத்த யாரோ செய்த வேலை அது. என் ஆணி குழாயைத் துளைத்து, சிவப்புக் கம்பியின் உறையைக் கிழித்திருந்தது.

அப்படியானால், அன்றே ஏன் ஸ்விட்சு விழவில்லை? சிந்தித்துப் பாருங்கள். மின்சாரம் ஓடுவதற்கு முழுமையான சுற்று வேண்டும். ஆணி ஒரே கம்பியைத்தான் தொட்டது. சுற்றிலும் இருந்ததோ உலர்ந்த சுவர். ஆதலால் 230 வோல்ட் அழுத்தத்தை ஏந்தியபடி அந்த ஆணி ஓசையின்றிக் காத்திருந்தது. சுற்றை நிறைவு செய்ய ஒரு மனித உடல்தான் தேவைப்பட்டது. வீட்டிலுள்ள சாதாரணக் காப்பு ஸ்விட்சு 6 அல்லது 10 ஆம்பியரை மிஞ்சினால்தான் விழும். மனித இதயத்தை நிலைகுலையச் செய்வதற்கோ, ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். கம்பியைக் காக்கும் கருவி வேறு. மனிதனைக் காக்கும் கருவி வேறு.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுக் காப்பான். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஓயாது ஒப்பிடுகின்றது. இரண்டுக்கும் வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஆனால், ஒருவர் இரு கம்பிகளையும் ஒருசேரத் தொட்டால் அது காவாது. எனவே, அதனையே நம்பியிருத்தலும் தவறு.

கம்பி செல்லும் வழியும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். பிரிட்டனில் இதற்குத் தெளிவான விதி உண்டு. 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் புதைக்கும் சாதாரணக் கம்பி, ஸ்விட்சிலிருந்து செங்குத்தாகவோ கிடையாகவோ செல்லவேண்டும். அல்லது கூரையையும் சுவர் மூலையையும் ஒட்டிய 150 மில்லிமீட்டர் பட்டைக்குள் அமையவேண்டும். குறுக்கே செல்லுதல் கூடாது. நம் வீடுகளில் நாலரை அங்குலச் சுவர்கள் பெருகிவிட்டன. அவற்றில் கம்பியை ஆழமாகப் புதைக்க இடமில்லை. ஆதலால் இவ்வொழுங்கு நமக்கும் இன்றியமையாதது. மேலும், கம்பியின் இணைப்புகள் திறந்து பார்க்கத்தக்க பெட்டிகளுக்குள் இருக்கவேண்டுமேயன்றிக் குழாய்க்குள் இருத்தலாகாது.

ஈரமும் ஒரு பகையே. 1977-ஆம் ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியில் பெருவெள்ளம் புகுந்ததை முதியோர் மறந்திரார். வெள்ளம் வடிந்த பின்னும் சுவரும் குழாயும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அந்நிலையில் மின்சாரத்தைப் போடலாகாது. மின்பணியாளர் 500 வோல்ட் மெக்கர் கருவியால் சோதித்து, காப்புத்தடை 1 மெகாஓமுக்குக் குறையவில்லை என உறுதிசெய்த பின்னரே போடவேண்டும்.

இவை யாவற்றினும் எளிய காப்பு ஒன்றுண்டு. புதுவீடு கட்டும்போது, பூச்சு வேலைக்கு முன், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு படம் எடுத்து வையுங்கள். கட்டி முடிந்த வீடாயின், பெற்றோரையும் மின்பணியாளரையும் கேட்டு, கம்பி செல்லும் வழியைத் தாளில் வரையுங்கள். நீங்களாகப் பலகை எதனையும் திறக்க வேண்டா. வழி தெரியாத சுவரில், தக்கவர் சோதிக்கும் வரை ஆணி அடிக்க வேண்டா.

எங்கள் வீட்டின் படத்தை நான் வரைந்து முடித்துவிட்டேன். அது வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கின்றது. நாளை அவ்வீட்டில் வாழ்பவர் எவராயினும், சுத்தியலை எடுக்குமுன் அதனைப் பார்ப்பார்.